மூன்றாம் மாடியில் எல்லாம் பச்சை

முதல் நாள் காலை அவர் கதவைத் திறந்து, தகட்டைத் திருப்ப வெளிப்பக்கம் கையை நீட்டினார். தகடு ஏற்கெனவே பச்சையாக இருந்தது.

நீட்டிய கை அப்படியே நின்றது. முந்தின இரவு ஒன்பது மணிக்கு அது சிவப்பில் விழுந்ததை அவர் காதாலேயே கேட்டிருந்தார். அவருடையது மட்டுமில்லை. அந்த மாடியின் பன்னிரண்டு கதவுகளிலும் பன்னிரண்டு தகடுகள் ஒரே நொடியில் ‘டக்’கென்று விழுந்தன. முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, உள்ளே ஒரு சின்ன மின்காந்தம் கொக்கியை விடுவித்திருக்கும், சுருள்வில் தகட்டைத் தள்ளியிருக்கும் என்று மனதுக்குள் அதைக் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் மறுபடி படுத்தார்.

அமைப்பு எளிமையானது. அதனாலேயே அவருக்குப் பிடித்திருந்தது. கதவு எண்ணுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு தகடு, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. இரவு தானாகச் சிவப்பாகும். காலை ஒன்பதுக்குள் வீட்டில் இருப்பவர் எழுந்து, தாழ்ப்பாளைத் திறந்து, வெளியே கை நீட்டி அதைப் பச்சையாக்க வேண்டும். ஒரே அசைவில் மூன்று விஷயம் தெரிந்துவிடும்: உயிர் இருக்கிறது, கால் நடக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. பச்சையானால் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அங்கிருந்து பிள்ளைகளின் போனுக்கு ‘நலம்’ என்று ஒரு செய்தி போகும். ஒன்பது அடித்தும் சிவப்பாகவே இருந்தால் ஆபீசில் மணி அடிக்கும், இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு ஓடி வருவார்கள்.

“இதை ஏன் கதவுக்கு வெளியே வச்சிருக்கீங்க?” என்று சுற்றிக் காட்டிய மேனேஜர் பெண்ணிடம் அவர் கேட்டிருந்தார்.

“உள்ள வச்சா படுத்துக்கிட்டே குச்சியால தள்ளிவிட்டுடுவாங்க சார். உங்க செட்டு ஆளுங்க சாமானியப்பட்டவங்களா?” என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். நியாயமான பதில்தான் என்று தோன்றியது.

அவரைக் கொண்டுவந்து விட்டது மகள். ஓய்வுபெற்றவர்கள் தனித்தனி வீடுகளில் தங்கள் பாட்டுக்கு வாழும் குடியிருப்புகள் என்று ஐந்தைத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், குளியலறையில் பிடிமானக் கம்பி உண்டா, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்தபோதுகூட அவள் இவ்வளவு பாடுபட்டு அவர் பார்த்ததில்லை. ஆனால் ஐந்தில் இதைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். விளம்பரத் தாளில் இருந்த ஒரு வரிக்காகத் தேர்ந்தெடுத்தார். ‘இங்கே உங்கள் கதவை யாரும் தட்டமாட்டார்கள்.’ மகள் வீட்டில் அவருடைய அறைக்கதவு அரைமணிக்கு ஒருமுறை தட்டப்பட்டது. மருமகனுக்கு ஆன்லைன் மீட்டிங், பேத்திக்குச் சார்ஜர், மகளுக்கு இஸ்திரி மேசை. மனைவி போன இரண்டு வருடத்தில் அது அறை என்பதிலிருந்து வழி என்று ஆகிவிட்டிருந்தது.

“மூணு நாள் இருந்து பாருப்பா. புடிச்சிருந்தா வியாழக்கிழமை நாலு மணிக்கு வரேன், கையெழுத்துப் போட்டுடலாம். புடிக்கலன்னா...”

“புடிக்கலன்னா?”

“புடிக்கும்ப்பா” என்றாள் மகள். பிறகு போனைக் காட்டினாள். “இதுல தினமும் உன் பச்சை வந்துடும். சும்மா சும்மா போன் பண்ணி நான் உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம் பாரு.”

யாருக்குத் தொந்தரவு மிச்சம் என்று அவருக்குப் புரிந்தது. தலையாட்டினார். அவள் போன பிறகு குளியலறையைப் பார்த்தார். விழுந்தால் இழுப்பதற்குச் சுவரில் ஓர் அவசரக் கயிறு, ஆபீசில் மணி அடிக்க. தரைவரை தொங்க வேண்டியதை, கழுவும்போது நனைகிறதென்று யாரோ சுருட்டி மேலே ஆள் உயரத்தில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். நின்றுகொண்டு இழுக்கலாம். நிற்க முடிகிறவன் ஏன் இழுக்கப் போகிறான்? நாளைக்கு அவிழ்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது, பச்சைத் தகட்டின் முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தபோது, நடைவழியின் மறுகோடியில் ரப்பர் செருப்பின் சத்தம் கேட்டது. சரக், சரக். நிற்கும். டக். மறுபடி சரக், சரக். ஒல்லியான ஓர் அம்மாள், தோளில் துணிப்பையோடு, பன்னிரண்டாம் எண் கதவின் தகட்டைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிப் பச்சையாக்கிவிட்டு, திரும்பி அவரை நோக்கி வந்தார்.

“நான்தான் திருப்பினேன்” என்றார் அந்த அம்மாள், அவர் கேட்கும் முன்னாலேயே. “புது ஆளு, அசந்து தூங்குவீங்கன்னு.”

“நான் அஞ்சு மணிக்கே எழுந்துட்டேனே.”

“இன்னிக்கி எழுந்துட்டீங்க. எல்லா நாளும் எழுந்துடுவீங்களா?”

அந்த அம்மாள் எட்டாம் எண். தபால் ஆபீசில் முப்பத்தாறு வருடம் கடிதம் பிரித்தவர். நின்ற இடத்திலேயே, கிசுகிசுப்பான குரலில், இந்த மாடியின் வழக்கத்தை விளக்கினார். ஒரு மாதத்தில் மூன்று முறை சிவப்பாக இருந்துவிட்டால், இவர் தனியாக இருக்கத் தகுதியில்லை என்று எழுதி ஆறாம் மாடிக்கு மாற்றிவிடுவார்கள். கீழே இறங்கி வந்தவர் ஒருவரும் இல்லை.

“கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் கம்பி சார். ஸ்பூன்ல ஊட்டுவாங்க. ‘வாயைத் தொறங்க, செல்லக்குட்டி’ம்பா ஒருத்தி. யாரை? ரிட்டயர்டு ஜட்ஜை! ஊரையே உள்ள தள்ளின மனுஷன், ஒரு வாய் கஞ்சிக்கு வாயைத் தொறந்துட்டு உக்காந்திருக்காரு.” பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார். “அதான் நாங்க ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கறோம். யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா, தூங்கிட்டாங்களா, ஒரு தட்டு. அவ்வளவுதான். ஆறு வருஷமா இந்த மாடியிலேர்ந்து ஒருத்தரைக்கூட மேல கொண்டுபோக விடல.”

அவருக்கு அது பிடித்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தன் வேலையைச் சொன்னதும் அந்த அம்மாள் “அப்போ நீங்க லிஃப்டு சார்” என்றார். “அப்போ நீங்க தபாலம்மா” என்றார் இவர். உள்ளே வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். “ஆச்சு ஆச்சு” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் நகர்ந்தார். செருப்புச் சத்தம் போன பிறகும், பையிலிருந்து வந்த அந்துருண்டை வாசனை கதவருகே கொஞ்ச நேரம் நின்றது.

அன்று மதியம் லிஃப்ட் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டபடி படுத்திருந்தார். லிஃப்டின் மறுமுனையில் ஓர் எதிர்ப்பாரம் தொங்கும். பெட்டி காலியாக இருந்தால் எதிர்ப்பாரமே கனம், பெட்டி சுலபமாக மேலே போகும், இறங்கத்தான் மோட்டார் முக்கும். ஆட்கள் நிறைந்திருந்தால் நேர்மாறு. இது தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டே எடை சொல்லலாம். மூன்று மணிக்கு ஒரு பெட்டி முக்கிக்கொண்டே மேலே போனது, நான்கு மாடி, ஐந்து, ஆறு. நின்றது. பிறகு காலியாக, முக்கிக்கொண்டே இறங்கியது. அவர் தபாலம்மாவின் கட்டைவிரலை நன்றியோடு நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை தபாலம்மா அவருக்கும் ஒரு வேலை கொடுத்தார்.

“எதிர் வீட்டு வாத்தியாருக்கு இனிமே நீங்க திருப்பிடுங்க. எனக்கு முழங்கால் முன்ன மாதிரி இல்ல.”

ஆறாம் எண். கணக்கு வாத்தியாராம். அவரை லிஃப்டு சார் இன்னும் பார்த்திருக்கவில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் ரேடியோ பாடத் தொடங்குவதும், எட்டு மணிக்கு நிற்பதும் இரண்டு நாளும் கேட்டது. ஒழுங்கான மனிதர். கதவடியில் இடைவெளி தெரியாமல் ஒரு துணியைச் சுருட்டிச் செருகியிருந்தது. அழகாக, மூலை மடித்துச் சுருட்டிய துணி.

“பூச்சி வராம இருக்க” என்றார் தபாலம்மா.

அவர் வாத்தியாரின் தகட்டைக் கட்டைவிரலால் தட்டினார். டக். ஒரு மனிதனை ஆறாம் மாடியிலிருந்து காப்பாற்றிவிட்டது மாதிரி இருந்தது.

மாலை குழாயில் தண்ணீர் மெலிந்து வந்தது. வேறு யாராவது என்றால் ஆபீசுக்குப் போன் செய்திருப்பார்கள். இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு நடைவழிக் கோடிக்குப் போனார். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரக் கதவு. திறந்ததும் கிறீச்சென்று நீளமாகக் கத்தியது. உள்ளே குழாய்கள், பன்னிரண்டு தண்ணீர் மீட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் கைப்பிடி வைத்த ஒரு வால்வு.

தண்ணீர் மீட்டர் ஒரு நல்ல கருவி. எண்கள் மெதுவாகத்தான் நகரும். ஆனால் முகப்பின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். ஒரு குழாய் சொட்டினால்கூட அது சுழலும். பொய் சொல்லத் தெரியாத நட்சத்திரம். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் வால்வு திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

அவர் டார்ச்சை ஒவ்வொன்றாக நகர்த்தினார். தன்னுடைய ஐந்தாம் எண் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் திறந்திருந்தது. இரண்டாம் எண் நேர். பதினொன்றாம் எண் நேர். மற்ற ஒன்பதும் குறுக்கே நின்றன. ஒன்பது மீட்டர்களின் கண்ணாடி மேலும் தூசி படிந்திருந்தது. விரல் வைத்தால் எழுத்து எழுதலாம்.

ஊருக்குப் போயிருப்பார்கள், என்று முதலில் நினைத்தார்.

ஒன்பது பேருமா?

சட்டைப் பையிலிருந்த பேனாவால் பன்னிரண்டு மீட்டர்களின் எண்களையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். கை கொஞ்சம் வேர்த்திருந்தது. எழுத்து கலங்கியது. தன்னுடைய வால்வு கால் பங்கு குறுக்கே திரும்பியிருந்ததை நேராக்கிவிட்டு, தகரக் கதவைச் சாத்தினார். தன் வீட்டுக்கு நடக்கும்போது, முதல் தடவையாக, இரண்டு பக்கக் கதவுகளின் அடியையும் பார்த்துக்கொண்டே வந்தார். துணி. துணி. இடைவெளி. துணி. எல்லாம் ஒரே மடிப்பு. எல்லாத் துணிகளின் ஓரமும் நடைவழிப் பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து செருகியிருந்தால் ஓரம் உள்பக்கம் அல்லவா இருக்கும்?

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே மீட்டர்களைப் பார்த்தார். இரண்டும் ஐந்தும் பதினொன்றும் நகர்ந்திருந்தன. மற்ற ஒன்பதில் ஓர் எண்கூட மாறவில்லை. வாத்தியாரின் ஆறு மாறவில்லை.

தபாலம்மாவின் எட்டும் மாறவில்லை.

அந்த எண்ணை அவர் நான்கு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். நேற்றுக் காலையும் மாலையும் நடந்து திரிந்த ஒரு மனுஷி. முகம் கழுவவில்லையா? ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கவில்லையா?

ஏழு மணிக்கு வாத்தியார் வீட்டு ரேடியோ பாடத் தொடங்கியது. அவர் எதிர்க் கதவுக்குப் போய்த் தட்டினார். இந்தக் கட்டடத்தில் கதவு தட்டுகிற சத்தம் அவர் காதுக்கே விகாரமாகக் கேட்டது. “சார்? வாத்தியார் சார்? நான் எதிர் வீடு.” ரேடியோவில் யாரோ வானிலை சொன்னார்கள். கதவில் காது வைத்தார். பாட்டு, விளம்பரம், மறுபடி பாட்டு. மனிதச் சத்தம் ஒன்றுமில்லை, ஓர் இருமல், ஒரு நாற்காலி நகர்வது, ஒன்றுமில்லை. சரியாக எட்டு மணிக்கு, ஒரு பாட்டின் நடுவில், ஒரு சொல்லின் நடுவில் ரேடியோ நின்றது. கேட்பவன் பாட்டு முடியட்டும் என்றிருப்பான். நடுச்சொல்லில் நிறுத்துவது கடிகாரம்தான்.

அவர் குனிந்தார். துணியின் வழியாக அந்துருண்டை வாசனை. அதற்கும் அடியில், அந்துருண்டை மறைக்க முயன்று முடியாத இன்னொன்று. பழையது. காய்ந்தது. எலி செத்த இயந்திர அறைகளில் அவர் அறிந்தது.

“அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க, லிஃப்டு சார்.”

தபாலம்மா அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். செருப்புச் சத்தம் கேட்டிருக்கவில்லை.

“ஏம்மா, இவரை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?”

“தினம் பார்க்கறேனே. தினம் பச்சை.”

“தண்ணி ஓடலம்மா. மீட்டரைப் பார்த்தேன். வால்வை மூடி வச்சிருக்கு.”

“சொட்டுச் சொட்டா விழுந்துட்டே இருந்தா தூங்க முடியுமா?” அந்த அம்மாள் முகத்தில் கோபமில்லை, கடிதத்தில் விலாசம் சரியில்லையென்று பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தார். “பயப்படறீங்க. புதுசுல எல்லாரும் பயப்பட்டாங்க. உங்களையும் மேல அனுப்ப விடமாட்டோம்.”

“உங்க மீட்டரும் ஓடல.”

தபாலம்மா அவருடைய தகட்டை நோக்கி நடந்தார். டக். பிறகு அடுத்த கதவுக்கு. சரக், சரக்.

அவர் படியிறங்கி ஆபீசுக்கு ஓடினார். லிஃப்டுக்குக் காத்திருக்கக்கூடத் தோன்றவில்லை. மேனேஜர் பெண் மூச்சிரைக்க வந்தவருக்கு நாற்காலி போட்டு, கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். பன்னிரண்டு பெயர்கள், மாதம் மாதமாக, நாள் நாளாக, கீழே போகப் போகப் பச்சை. கதிர் விட்ட வயல் மாதிரி.

“மூணாம் மாடி எங்க நம்பர் ஒன் மாடி சார். ஒரு சிவப்பு கிடையாது.”

“வாத்தியார் வீட்டைத் தொறந்து பாரும்மா.”

“பச்சை இருந்தா நாங்க தொறக்கக் கூடாது. ஒப்பந்தத்துலயே இருக்கு. யாரும் தட்டமாட்டோம்னு சொல்லித்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தோம்?”

“எட்டாம் நம்பர்ல ஒரு அம்மா. தபால் ஆபீஸ்ல இருந்தவங்க. அவங்களை நீ பார்த்திருக்கியா?”

அவள் யோசித்தாள். “நான் வந்து ரெண்டு வருஷம்தான் ஆச்சு. நேர்ல பார்த்ததில்ல. ரொம்ப அமைதியான அம்மா. அவங்க பச்சைதான் முதல்ல வரும்.” பிறகு கொஞ்சம் முன்னால் குனிந்தாள். “ஏன் சார், தகட்டை வேற யாராச்சும் திருப்பறாங்களா?”

இதற்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. ஆமாம்மா, எல்லாருக்கும் ஒருத்தர் திருப்பறாங்க, நேத்து நானும் திருப்பினேன். ஆனால் அதைச் சொன்னால், இன்றிலிருந்து அந்த மாடியில் எத்தனை சிவப்பு? அவருடைய மூன்று எப்போது வரும்? கம்பி போட்ட கட்டில் கண்முன் வந்தது, ஸ்பூன் வந்தது. லிஃப்ட் முக்கிக்கொண்டு மேலே போய் காலியாக இறங்கிய ஓசை வந்தது.

“தெரியலம்மா” என்றார்.

தன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு ஜம்பர் ஞாபகம் வந்தது. லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு தொடுமுனை உண்டு. கதவு சரியாக மூடினால்தான் அது சேரும். எல்லா மாடியின் முனைகளும் ஒரே கம்பியில் கோக்கப்பட்டிருக்கும். ஏதாவது ஒரு கதவு திறந்திருந்தாலும் மின்சாரம் அறுந்து, லிஃப்ட் அசையாது. பழுது பார்க்கும்போது மட்டும் மெக்கானிக் ஒரு துண்டுக் கம்பியால் அந்த முனையை இணைத்துவைப்பார். அதுதான் ஜம்பர். கதவு திறந்தே கிடக்கும், மூடியிருப்பதாக இயந்திரம் நம்பும். வேலை முடிந்ததும் அதைப் பிடுங்கிவிட வேண்டும். அவரோடு வேலை பார்த்த ஒருவன் பிடுங்கவில்லை. புது முனை வர இரண்டு நாளாகும், அதுவரை வயசானவங்க படி ஏற வேண்டாமே என்று விட்டுவிட்டான். நல்லவன், இரக்கப்பட்டவன். மறுநாள் காலை ஐந்தாம் மாடிக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து, லிஃப்ட் நிற்கிறது என்று நம்பி ஒரு பெண் கால் வைத்தாள். பெட்டி இரண்டாம் மாடியில் இருந்தது.

இந்த மாடி முழுக்க ஜம்பர் போட்டிருக்கிறது. அதில் ஒன்றை அவரே போட்டார்.

மகளுக்குப் போன் செய்தார்.

“நீ நாலு மணிக்கு வர வேண்டாம், இப்பவே வா. எனக்கு இந்த இடம் வேண்டாம்.”

“ஏன்ப்பா, என்னாச்சு?”

“தண்ணி மீட்டர் ஓடலம்மா. ஒன்பது வீட்டுல.”

“அப்பா, மீட்டர் ரீடிங் எடுக்கவா அங்க போனே?”

“எனக்குப் பயமா இருக்கு.”

“புது இடம்னா அப்படித்தான் இருக்கும். நான் ஹாஸ்டல்ல சேர்ந்தப்ப அழுதேன், நீ என்ன சொன்னே? ஒரு வாரம் பல்லைக் கடிச்சிட்டு இருன்னே. இருந்தேன்ல?” குரல் தணிந்தது. பின்னால் துளைபோடும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. “மேனேஜர் இப்பதான் பேசினாங்க, கொஞ்சம் குழப்பமா இருக்காருன்னு. நானே ஒரு வாரம் நீட்டிச்சுக் கேட்டிருக்கேன். இன்னிக்கி என்னால வர முடியாதுப்பா, வீட்டுல ஆளு வேலை செய்யறான்.”

“என்ன வேலை?”

“உன் ரூம்ல அலமாரி” என்றாள் மகள். பிறகு, “சும்மாதான்ப்பா” என்றாள்.

அவர் போனை மேசைமேல் வைத்தார். அழுகை வரவில்லை. ஒரு யோசனை வந்தது. நாளைக் காலை தகடு சிவப்பாகவே இருக்கட்டும். மணி அடிக்கட்டும், நாற்காலியோடு வரட்டும். வந்தவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாத்தியார் கதவைத் திறக்கவைக்கலாம். பிறகு ஆறாம் மாடியோ, ஏழாம் நரகமோ. ஸ்பூனில் ஊட்டினால் ஊட்டட்டும். யாராவது வருவார்கள் அல்லவா. யாராவது தட்டுவார்கள்.

தபாலம்மா வரும் நேரத்தில் கதவருகே காத்திருந்து, செருப்பு நின்றதும் திறந்துவிட வேண்டும். தகட்டில் கை படும் முன்னால். அவ்வளவுதான். சின்ன வேலை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து கதவருகே காத்திருந்தும் தபாலம்மா வராததால், எட்டரைக்கு முகம் கழுவக் குழாயைத் திறந்தார். தண்ணீர் நன்றாக வந்தது. அப்போதே கேட்டது, நடைவழிக் கோடியில். சரக், சரக். டக். அவர் குழாயை மூடாமல் திரும்பினார். ஈரக் கால். வழுவழுப்பான ஓடு. பிடிமானக் கம்பியை விரல்கள் தொட்டன. பிடிக்கவில்லை.

இடுப்பில் ஏதோ ஒடிந்த ஓசையை உள்ளேயிருந்து கேட்டார்.

வலி வந்து, கண் இருண்டு, மறுபடி வெளிச்சம் வந்தபோது குளியலறை வாசல்படியில் பக்கவாட்டில் கிடந்தார். கன்னம் தரையில். அவசரக் கயிறு மேலே, முடிச்சோடு, ஆள் உயரத்தில் தொங்கியது. போன் மேசைமேல். வாசல் கதவு பத்தடி தூரத்தில். அதன் அடியில் நடைவழி விளக்கின் வெளிச்சம், ஒரு மஞ்சள் கோடு. சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பத்தொன்று.

ஒன்பது நிமிடம். தகடு சிவப்பாக இருக்கிறது. அப்படியே இருந்தால் போதும்.

குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. கோடியில் அவருடைய சிவப்பு நட்சத்திரம் சுழன்றுகொண்டிருக்கும், வெறிபிடித்த மாதிரி சுழலும். அதைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் இங்கே தரையில் கிடந்தார்.

சரக். சரக்.

கத்தினார். காற்றுதான் வந்தது. கையெட்டிய பிளாஸ்டிக் குவளையால் தரையைத் தட்டினார். ஒரு முறை. இரண்டு முறை. குவளை உருண்டு போனது.

செருப்புச் சத்தம் அவர் கதவின் முன்னால் வந்து நின்றது.

அவர் மஞ்சள் கோட்டைப் பார்த்தார். யாராவது நின்றால் இரண்டு கால்களின் நிழல் அதை மூன்றாக வெட்ட வேண்டும். கோடு முழுசாக இருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அறுபடாமல்.

எட்டு ஐம்பத்தாறு.

திருப்பாதே. தாயே. திருப்பாதே.

“பயப்படாதீங்க, லிஃப்டு சார்” என்றது கதவுக்கு அப்பால், வாஞ்சையாக, கிசுகிசுப்பாக. “விடமாட்டோம்.”

டக்.

மேசைமேல் போன் ஒருமுறை ‘டிங்’ என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. மகள் அவருடைய பச்சையைப் பார்த்துவிட்டாள். பதில் போட்டிருக்கிறாள்.

செருப்பு நகர்ந்தது. சரக், சரக், லிஃப்ட் பக்கம். நீளமாக ஒரு கிறீச். தகரக் கதவு.

அவருக்குப் பின்னால் குழாயின் ஓசை மெலிந்தது. நூலானது. சொட்டானது. சொட்டும் நின்றது.

எதிர் வீடுகளில் எங்கும் ஓசையில்லை. அந்துருண்டை வாசனை முதலில் வந்தது. பிறகு கதவடியில், மஞ்சள் கோட்டின் இடது முனையில், மூலை மடித்துச் சுருட்டிய துணி ஒன்று நுழைந்தது. பொறுமையாக, உறையில் கடிதம் செருகுகிற கச்சிதத்தோடு, அது வலப்பக்கமாக நகர, நகர, வெளிச்சம் ஒரு சாண் ஆனது. நாலு விரல். ஒரு விரல்.